போனைத் திருப்பினால் பக்கம் குலைகிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

"போனைத் திருப்பினால் தளம் உடைந்துவிடுகிறது." இணையதளம் செய்து கொடுப்பவர்களுக்கு ஓயாமல் வரும் புகார் இது. புகார் ஒரே வரிதான். அதன் பின்னால் இருக்கும் கோளாறோ ஆளுக்கு ஆள், போனுக்கு போன் மாறும். அதனால் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி இதை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்குக் கீழும் கைச்செலவில்லாத காரணம் முதலில் வரும், வேலை வாங்குவது கடைசியில் வரும். நிரல் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் அடிக்கும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

தேடத் தொடங்குவதற்கு முன் ஒன்று தெரிந்திருந்தால் பாதி குழப்பம் தீரும். ஸ்டைல்ஷீட்டில் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் கோப்பு) 'ஓரியன்டேஷன்', அதாவது திரையின் நிலை, என்று கேட்டால், போன் கையில் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று உலாவி பார்ப்பதில்லை. பக்கத்துக்குக் கிடைத்திருக்கும் இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். உயரம் அகலத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் செங்குத்து. அகலம் கூடினால் கிடை. கீழே வரும் கோளாறுகளில் பல, இந்தக் கணக்கைப் போனின் நிலை என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்டால் வருபவை.

## முதலில் செய்ய வேண்டியவை

புகார் சொன்னவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த போன், எந்த உலாவி, இணைப்பை எங்கிருந்து தட்டித் திறந்தீர்கள்? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அடுத்து, அசல் போனில் சோதியுங்கள். கணினி உலாவியில் இருக்கும் கைபேசி மாதிரிக் காட்சியும் அதன் சுழற்றும் பொத்தானும் தோராயமான சோதனைக்குத்தான் உதவும். விசைப்பலகை எழும்பி வருவது, முகவரிப் பட்டை சுருங்குவது, நாட்ச் (திரையின் விளிம்பில் கேமராவுக்கான வெட்டு) இடத்தைத் தின்பது எதையும் அது ஒழுங்காகக் காட்டாது. கோளாறு அந்த மூன்று இடங்களில்தான் ஒளிந்திருக்கும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வழியாகக் கணினியின் குரோமுடனும், ஐபோனை மேக்கில் உள்ள சஃபாரியுடனும் இணைத்துப் போனில் ஓடும் பக்கத்தையே ஆராயலாம்.

மூன்றாவது, ஓர் அளவுப் பெட்டி. பக்கத்தின் மூலையில் சிறிய பெட்டி ஒன்றை வைத்து நான்கு விவரங்களை அதில் எழுதச் சொல்லுங்கள்: 'விண்டோ' தரும் உள் அகலம், உள் உயரம், 'ஓரியன்டேஷன்: போர்ட்ரெய்ட்' என்ற மீடியா குவெரிக்கு (இடத்தின் அளவையோ நிலையையோ சோதிக்கும் ஸ்டைல்ஷீட் நிபந்தனை) ஆமா இல்லையா, 'ஸ்கிரீன் ஓரியன்டேஷன்' சொல்லும் வகையும் கோணமும். அளவு மாறும்போதெல்லாம் பெட்டி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எழுதச் சில நிமிடம்தான் ஆகும். இது இல்லாமல் திரையை வெறித்துப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தால் மாலை வரை ஆகும்.

கடைசியாக, சுழற்சியைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட்டை முழுவதும் நிறுத்திவிட்டு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கோளாறு அப்படியே இருந்தால் ஸ்கிரிப்ட்டின் மேல் பழி இல்லை. ஸ்டைல்ஷீட்டிலோ மெட்டா டேகிலோ (பக்கத்தின் தலைப்பகுதியில் உலாவிக்குக் குறிப்பு சொல்லும் வரி) தேடுங்கள்.

## அறிகுறி 1: திருப்பினாலும் திரை அசைவதே இல்லை

வேறு தளமும் திரும்பவில்லையா? போனின் சுழற்சிப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. ஐபோனில் கட்டுப்பாட்டு மையத்திலும் ஆண்ட்ராய்டில் விரைவு அமைப்புகளிலும் அது இருக்கும். நிரலாளரிடம் வந்து சேரும் புகார்களில் இதுவும் கணிசம் என்பதால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

மற்ற தளங்கள் உலாவியில் திரும்புகின்றன, உங்கள் தளம் மட்டும் திரும்பவில்லையா? இணைப்பை எங்கே தட்டினார் என்ற கேள்வி இங்கேதான் பயன்படும். அரட்டைச் செயலியிலோ சமூக ஊடகச் செயலியிலோ வந்த இணைப்பைத் தட்டினால், பல செயலிகள் அதைத் தங்களுக்குள்ளேயே ஒரு சிறு உலாவியில் திறக்கும். தாய்ச்செயலி செங்குத்தாகப் பூட்டப்பட்டிருந்தால் அதற்குள் திறக்கும் பக்கமும் திரும்பாது. உங்கள் பக்கத்தில் எந்த வரியை மாற்றினாலும் பயனில்லை. அதே முகவரியைத் தனி உலாவியில் திறக்கச் சொல்லுங்கள். அங்கே திரும்பினால் வேலை முடிந்தது.

முகப்புத் திரையில் நிறுவப்பட்ட தளமா? நிறுவப்படும் தளத்தின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் 'ஓரியன்டேஷன்' என்ற வரிக்கு 'போர்ட்ரெய்ட்' என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு அதை மதித்து நடக்கும். 'எனி' என்று மாற்றுங்கள் அல்லது வரியையே நீக்குங்கள். ஏற்கெனவே நிறுவியவர்களுக்கு மாற்றம் உடனே போய்ச் சேராது. சோதிப்பதற்கு நிறுவியதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்.

உங்கள் நிறுவனத்தின் சொந்தச் செயலிக்குள் தளம் ஓடுகிறதா? பூட்டு செயலியின் அமைப்பில் இருக்கிறது. இது செயலி எழுதியவர் தொட வேண்டிய இடம், அவரை அழையுங்கள்.

## அறிகுறி 2: எழுத்து பொடியாகிறது, அல்லது திடீரென்று பெருக்கிறது

அளவுப் பெட்டியில் அகலம் 980 என்று காட்டுகிறதா? வியூபோர்ட் மெட்டா டேக், அதாவது பக்கத்தை எந்த அகலத்தில் வரைய வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வரி, இல்லை. அது இல்லாத பக்கத்தைக் கணினிக்கான பக்கம் என்று கருதி, கைபேசி உலாவி 980 பிக்சல் அகலத்தில் வரைந்து திரைக்குள் சுருக்கி வைக்கிறது. தலைப்பகுதியில் அகலம் 'டிவைஸ் விட்த்', தொடக்க அளவு 1 என்று ஒரு மெட்டா வரி சேர்த்தால் தீர்ந்தது. டேக் இருந்தும் இப்படியென்றால் இரண்டு டேக் இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்புரு ஒன்றும் செருகுநிரல் ஒன்றுமாக ஆளுக்கொன்று எழுதியிருக்கும்.

அகலம் சரி, கிடையில் பத்திகளின் எழுத்து மட்டும் பெரிதாகிறதா? ஐபோன் சஃபாரி கிடைநிலையில் எழுத்தைத் தானாகப் பெருக்கிக் காட்டும். 'டெக்ஸ்ட் சைஸ் அட்ஜஸ்ட்' என்ற பண்பை, 'வெப்கிட்' முன்னொட்டுடனும் இல்லாமலும், 100% என்று வையுங்கள். 'நன்' என்று வைக்கச் சொல்லும் பழைய ஆலோசனையைப் பின்பற்ற வேண்டாம்.

படிவத்தில் எழுதிய பிறகு திருப்பினால் பக்கம் பெரிதாகவே நின்றுவிடுகிறதா? உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் அந்தப் பெட்டியை நெருக்கமாக்கிக் காட்டும். திருப்பினால் அந்த நெருக்கம் அப்படியே தொடரலாம். எழுத்தை 16 பிக்சல் ஆக்குங்கள். பெரிதாக்குவதையே தடுக்கும் 'மேக்சிமம் ஸ்கேல்' வரியைச் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். ஐஓஎஸ் 10 முதல், பயனர் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் வரிகளைச் சஃபாரி பொருட்படுத்துவதில்லை. மற்ற இடங்களில் அது பார்வைக் குறைபாடு உள்ளவர்களைத் தண்டிக்கும்.

பக்கம் பக்கவாட்டில் நகர்கிறதா? ஏதோ ஓர் உறுப்பு திரையைவிட அகலம். அட்டவணையோ நிலையான அகலம் கொடுத்த படமோ வெளிப்புறச் செருகலோ இருக்கும். ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள்; எதை மறைத்தால் நகர்வு நிற்கிறதோ அதுதான்.

## அறிகுறி 3: 'போனைத் திருப்புங்கள்' என்ற அறிவிப்பு வேண்டாத நேரத்தில் வருகிறது

அதிகம் சந்திக்கும் தொல்லை இது. கிடைநிலையில் திருப்பினால் "செங்குத்தாகப் பிடிக்கவும்" என்று முழுத்திரையையும் மூடும் ஓர் அறிவிப்பைப் பல தளங்கள் வைத்திருக்கின்றன. அது சரியாக வரும் நேரத்தைவிடத் தவறாக வரும் நேரம் அதிகம்.

முதல் கேள்வி, அந்த அறிவிப்பு தேவையா? அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறை 2018இல் வெளிவந்தது. அதன் 1.3.4ஆம் விதி, இன்றியமையாத இடம் தவிர உள்ளடக்கத்தை ஒரே நிலையில் கட்டிப்போடக் கூடாது என்கிறது. காசோலையைப் படம் எடுக்கும் பக்கம், பியானோ வாசிக்கும் செயலி போன்றவற்றை அது விதிவிலக்காகக் குறிப்பிடுகிறது. சக்கர நாற்காலியின் கையில் கருவியை நிலையாகப் பொருத்தி வைத்திருப்பவரால் அதைத் திருப்ப முடியாது. அவருக்கு உங்கள் அறிவிப்பு மூடிய கதவு. கிடைநிலையில் வடிவமைப்பு அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக வைத்த அறிவிப்பு என்றால், அதை நீக்கிவிட்டு வடிவமைப்பைத் திருத்துவதுதான் உண்மையான பழுது நீக்கம்.

விளையாட்டு, கையெழுத்துப் பலகை போல உண்மையிலேயே தேவைப்பட்டால் மேலே படியுங்கள்.

### 3அ. படிவத்தில் விரலை வைத்ததும் வருகிறது

பயனர் போனை அசைக்கவே இல்லை, விசைப்பலகை எழும்பியது. பக்கத்துக்கு மிஞ்சிய இடம் உயரத்தைவிட அகலமாகிவிட்டது. உலாவியின் கணக்குப்படி அது கிடை. ஆண்ட்ராய்டில் வெகுகாலம் இதுதான் நடைமுறை. 2022 இறுதியில் வந்த குரோம் 108 முதல், விசைப்பலகை பக்கத்தின் அளவைச் சுருக்காமல் மேலே படர்ந்து நிற்கிறது. ஐபோனில் விசைப்பலகை எப்போதுமே அப்படித்தான், அதனால் இந்தக் கோளாறு அங்கே தெரியாது. "என் ஐபோனில் நன்றாக இருக்கிறதே" என்று வடிவமைப்பாளர் சொல்வதற்கும் காரணம் அதுவே.

சோதனை எளிது. விசைப்பலகை எழும்போது அளவுப் பெட்டியைப் பாருங்கள். உயரம் சட்டென்று குறைந்தால் உங்கள் பக்கம் சுருங்குகிறது. காரணங்கள் இந்த வரிசையில்:

வியூபோர்ட் டேகில் 'இன்டராக்டிவ் விட்ஜெட்' என்ற பகுதிக்கு 'ரிசைசஸ் கன்டென்ட்' என்று கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். அது பழைய சுருங்கும் நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும். வேறு எதற்காகவும் தேவைப்படாவிட்டால் நீக்குங்கள்.

பழைய உலாவியும் செயலிக்குள் இருக்கும் உலாவியும் என்றால், நிலையைக் கேட்காமல் விகிதத்தைக் கேளுங்கள். 'மின் ஆஸ்பெக்ட் ரேஷியோ' 13/9 என்பது நெடுங்காலமாகப் புழங்கும் ஓர் எல்லை. விசைப்பலகை எழுந்த செங்குத்துப் போன் பெரும்பாலும் இதைத் தாண்டாது; உண்மையாகத் திருப்பிய போன் தாண்டிவிடும்.

அதுவும் போதவில்லையென்றால் ஸ்கிரிப்ட்டில் 'ஸ்கிரீன் ஓரியன்டேஷன் டைப்' என்பதைக் கேளுங்கள். 'போர்ட்ரெய்ட்' என்று தொடங்கினால் அறிவிப்பு வேண்டாம். விசைப்பலகை எழுவதால் இந்த விடை மாறாது, ஏனென்றால் இது பக்கத்தின் இடத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துச் சொல்கிறது. ஐபோனில் இது 2023இல் வந்த 16.4 பதிப்பு முதல் உண்டு. இல்லாத இடத்தில், உள்ளீட்டுப் பெட்டி ஒன்றில் கவனம் இருக்கும்வரை அறிவிப்பைக் காட்டாமல் இருந்துவிடலாம்.

### 3ஆ. கணினியில் வருகிறது

கணினித் திரை கிடைதானே! வெறும் 'லேண்ட்ஸ்கேப்' என்று மட்டும் கேட்டிருந்தால் எல்லாக் கணினியும் மாட்டிக்கொள்ளும். உயரமும் சேர்ந்து கேளுங்கள்: கிடைநிலை, அத்துடன் உயரம் 500 பிக்சலுக்குள். கூடவே 'பாயின்ட்டர்: கோர்ஸ்' என்று சேர்த்தால் விரலால் இயக்கும் கருவிகள் மட்டும் சிக்கும். உலாவியின் பெயரைப் படித்து இது கைபேசியா என்று முடிவுசெய்யும் பழைய வழிக்குப் போக வேண்டாம். ஐபேட் பல ஆண்டுகளாகத் தன்னை மேக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

### 3இ. திரையைப் பிரித்து இரண்டு செயலி வைத்தால் வருகிறது

போன் செங்குத்து, பக்கத்துக்குக் கிடைத்தது பாதித் திரை, ஆகவே கிடை. மடக்கும் போனை விரித்தால் திரை ஏறத்தாழச் சதுரம். எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இவற்றை நிலையை வைத்துத் தீர்க்க முயலாதீர்கள். "இந்த விளையாட்டுக்கு இவ்வளவு அகலம் வேண்டும்" என்று அகலத்தைக் கொண்டு முடிவுசெய்யுங்கள்.

### 3ஈ. ஐஃப்ரேமுக்குள் வைத்தால் எப்போதும் வருகிறது

ஐஃப்ரேம் என்பது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம். அதற்குள் இருக்கும் பக்கம் சட்டத்தின் அளவைத்தான் பார்க்கிறது. அளவு கொடுக்காத ஐஃப்ரேம் 300க்கு 150 பிக்சல். அதாவது போனை எப்படிப் பிடித்தாலும் கிடை. சட்டத்துக்கு அகலமும் உயரமும் கொடுங்கள். முடியாவிட்டால் வெளிப்பக்கம் நிலையைக் கண்டறிந்து உள்ளே செய்தி அனுப்ப வேண்டும். வெளிப்பக்கம் உங்கள் கையில் இல்லையென்றால் அதன் உரிமையாளரிடம் பேசுவதைத் தவிர வழியில்லை.

### 3உ. டேப்லெட்டில் மட்டும் தலைகீழாக நடக்கிறது

ஸ்கிரிப்ட் கோணத்தை நம்புகிறது. கோணம் 0 என்றால் செங்குத்து என்று எழுதியிருப்பார்கள். 0 என்பதற்குப் பொருள் கருவியின் இயல்பான நிலை. சில டேப்லெட்டுகளுக்கு இயல்பான நிலையே கிடைதான். கோணத்தைக் கைவிட்டு வகையைக் கேளுங்கள். பழைய 'விண்டோ ஓரியன்டேஷன்' தரும் 0, 90, மைனஸ் 90, 180 ஆகிய எண்களுக்கும் இதே நோய் உண்டு. அது வழக்கொழிந்த ஒன்று. கண்ட இடத்தில் அகற்றுங்கள்.

## அறிகுறி 4: திருப்பிய பிறகும் பழைய அளவிலேயே நிற்கிறது

செங்குத்துக்குத் திருப்பினால் கிடைக்கான அளவு, கிடைக்குத் திருப்பினால் செங்குத்துக்கான அளவு. எப்போதும் ஒரு படி பின்னால்.

ஸ்கிரிப்ட் 'ஓரியன்டேஷன்சேஞ்ச்' நிகழ்வைக் கேட்கிறதா? அந்த நிகழ்வு ஒலிக்கும் நேரத்தில் அகல உயரங்கள் புதுப்பிக்கப்பட்டிருக்கும் என்ற உறுதி இல்லை. சில உலாவிகளில் பழைய எண்தான் கிடைக்கும். இதற்கு மருந்தாக அரை நொடி காத்திருக்கச் சொல்லும் 'செட்டைம்அவுட்' வரியைப் பல இடங்களில் பார்க்கலாம். வேகமான போனில் அது கண்ணுக்குத் தெரியும் தடுமாற்றம். மெதுவான போனில் போதாத காத்திருப்பு. தூக்கி எறியுங்கள்.

ஸ்கிரிப்ட் 'ஸ்கிரீன் விட்த்' கேட்கிறதா? ஐபோன் எப்படித் திருப்பினாலும் செங்குத்து நிலைக்கான அகலத்தையே சொல்லும். ஆண்ட்ராய்டு திருப்பியதற்கு ஏற்ப மாற்றிச் சொல்லும். ஐபோனில் மட்டும் அளவு தப்பினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஸ்டைல்ஷீட்டில் 'மேக்ஸ் டிவைஸ் விட்த்' என்று இருந்தாலும் அதே கதை. 'டிவைஸ்' என்ற சொல்லை நீக்கி வெறும் 'மேக்ஸ் விட்த்' ஆக்குங்கள்.

இந்த இடத்தில் ஸ்கிரிப்ட்டையே மாற்றி எழுதுவதுதான் சிக்கனம். தேவையான ஸ்கிரிப்ட் பத்து வரிக்குள் அடங்கும்:

முதல் வரியில் 'மேட்ச்மீடியா'வைக் கூப்பிட்டு 'ஓரியன்டேஷன்: போர்ட்ரெய்ட்' என்ற கேள்வியைக் கொடுத்து, விடையை ஒரு மாறியில் வையுங்கள். அடுத்து ஒரு சிறு செயற்கூறு. விடையின் 'மேட்சஸ்' உண்மையானால் பக்கத்தின் வேர் உறுப்பில் 'செங்குத்து' என்ற பொருள் தரும் ஒரு கிளாஸைச் சேர்க்கட்டும், இல்லையென்றால் எடுக்கட்டும். அதற்கு வேறு வேலை வேண்டாம். எதை மறைப்பது, எதைக் காட்டுவது, எதைப் பக்கத்தில் வைப்பது எல்லாம் அந்த கிளாஸைப் பார்த்து ஸ்டைல்ஷீட் செய்ய வேண்டியது. பிறகு அந்த விடையின் 'சேஞ்ச்' நிகழ்வுக்கு இந்தச் செயற்கூறைக் கட்டுங்கள். 2020இல் வந்த சஃபாரி 14க்கு முந்தையவற்றுக்கு 'ஆட்லிசனர்' என்ற பழைய பெயர்தான் வேலை செய்யும். அவ்வளவு பழைய போன்கள் உங்கள் தளத்துக்கு வருகின்றனவா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரி பலருக்கு விட்டுப்போகும். செயற்கூறைத் தொடக்கத்திலேயே ஒருமுறை நேராகக் கூப்பிட வேண்டும். கிடைநிலையில் வைத்தே பக்கத்தைத் திறப்பவருக்கு மாற்றம் என்ற நிகழ்வே வராது. "ஒருமுறை திருப்பி, மறுபடி திருப்பினால்தான் சரியாகிறது" என்ற புகார் வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், இந்த வரிதான் இல்லை. 'பேஜ்ஷோ' நிகழ்விலும் கூப்பிட்டுவிட்டால், வேறு பக்கத்துக்குப் போய்த் திருப்பிவிட்டுப் பின்செல்லும் பொத்தானால் திரும்பி வருபவர்களும் தப்பித்தார்கள்.

வெறும் வடிவமைப்பு மாற்றம் மட்டும் போதும் என்றால் இந்தப் பத்து வரியும் வேண்டாம். மீடியா குவெரியே செய்துவிடும். ஸ்கிரிப்ட் தேவைப்படுவது விளையாட்டை நிறுத்தி வைப்பது, வீடியோவின் கட்டுப்பாடுகளை மாற்றுவது போன்ற செயல்களுக்குத்தான்.

பக்கம் சரியாகிறது, வரைபடமோ சார்ட்டோ படச்சறுக்கோ மட்டும் பழைய அகலத்தில் நிற்கிறதா? அந்தக் கூறு தொடங்கும்போது எடுத்த அளவை வைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நூலகத்திலும் மறு அளவிடும் கட்டளை ஒன்று இருக்கும். தாங்கும் பெட்டிக்கு, அதன் அளவு மாறுவதைக் கவனிக்கும் 'ரிசைஸ் அப்சர்வர்' வைத்து அந்தக் கட்டளையைக் கூப்பிடுங்கள். நீங்களே வரைந்த கேன்வாஸ் (ஸ்கிரிப்ட் படம் வரையும் பலகை) என்றால், அகல உயரத்தை மாற்றியவுடன் வரைந்தது முழுவதும் அழியும் என்பதை நினைவில் வைத்து மறுபடி வரையுங்கள். கையெழுத்துப் பலகையில் பயனர் போட்ட கையெழுத்து திருப்பியதும் காணாமல் போவது இதனால்தான். கோடுகளின் புள்ளிகளைத் தனியே சேமித்து வைத்திருந்தால் மட்டுமே மீட்க முடியும். நூலகம் பழையதாகி மறு அளவிடும் கட்டளையே இல்லாமல் இருந்தால் நூலகத்தை மாற்ற வேண்டிவரும். அதற்கு ஒரு முன்முக நிரலாளரின் நேரத்தை வாங்குவது நல்லது.

## அறிகுறி 5: திருப்பாமலே ஸ்கிரிப்ட் ஓடுகிறது

பக்கத்தை உருட்டும்போது மெனு மூடிக்கொள்கிறது, படச்சறுக்கு முதலுக்குப் போகிறது, அனிமேஷன் மறுபடி தொடங்குகிறது. 'ரிசைஸ்' நிகழ்வைச் சுழற்சி என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். உருட்டும்போது முகவரிப் பட்டை சுருங்கி விரிவதால் உயரம் மாறுகிறது, நிகழ்வும் ஒலிக்கிறது. முந்தைய அகலத்தைச் சேமித்து வையுங்கள். புதிய அகலமும் அதுவே என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்புங்கள். ஒரே நிபந்தனை வரியில் முடியும் வேலை.

## அறிகுறி 6: திருப்பினால் நிரப்பிய படிவம் அழிந்துபோகிறது

பயனர் கோபப்படும் கோளாறு இது, நியாயமாகவே. சாதாரண உலாவியில் போனைத் திருப்புவதால் பக்கம் மறுபடி ஏற்றப்படுவதில்லை. ஆகவே யாரோ ஏற்றச் சொல்கிறார்கள்.

கோப்புகளில் 'லொகேஷன் ரீலோட்' என்று தேடுங்கள். அளவு தப்புவதைச் சரிசெய்ய முடியாத யாரோ, திருப்பும்போதெல்லாம் பக்கத்தையே புதுப்பித்துவிடலாம் என்று எழுதி வைத்த வரி. நம்ப முடியாத அளவுக்குப் பரவலானது. எடுத்துவிட்டு அறிகுறி 4இல் உள்ளபடி செய்யுங்கள்.

அது இல்லை, பக்கமும் மறுபடி ஏறவில்லை, படிவம் மட்டும் காலியாகிறதா? அகலத்தைப் பார்த்துக் கைபேசிக்கு ஒரு படிவம், பெரிய திரைக்கு ஒரு படிவம் என்று இரண்டு கூறுகளை மாற்றி மாற்றி வரைகிறது உங்கள் கட்டமைப்பு. போன் கிடையில் எல்லையைத் தாண்டும்போது பழைய கூறு அழிந்து புதியது பிறக்கிறது. எழுதியது அதோடு போகிறது. ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் ஸ்டைல்ஷீட்டில் மாற்றுங்கள். உடனே முடியாவிட்டால் எழுதுவதை அவ்வப்போது 'செஷன் ஸ்டோரேஜ்' இடத்தில் சேமியுங்கள். கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் அங்கே வைக்கக் கூடாது.

செயலிக்குள் மட்டும் நடக்கிறதா? ஆண்ட்ராய்டு செயலி, திரை திரும்பும்போது தன் திரையை அழித்துப் புதிதாக உருவாக்குகிறது; அதற்குள் இருக்கும் பக்கமும் கூடவே பிறக்கிறது. செயலியின் நிரலில் தீர்க்க வேண்டியது. பணம் செலுத்தும் பக்கத்தில் இது நடந்தால் தள்ளிப்போடாமல் அன்றே செயலி எழுதியவரைப் பிடியுங்கள்.

## அறிகுறி 7: திரையைப் பூட்டும் கட்டளை பூட்டுவதில்லை

'ஸ்கிரீன் ஓரியன்டேஷன் லாக்' எழுதியாயிற்று, ஆனாலும் திரை சுழல்கிறது. அந்தக் கட்டளை 'ப்ராமிஸ்' ஒன்றை, அதாவது வெற்றியா பிழையா என்று பிறகு சொல்லும் விடையை, திருப்பித் தரும். 'கேட்ச்' சேர்த்து, வரும் பிழையின் பெயரைப் படியுங்கள்.

'செக்யூரிட்டி எரர்' வந்தால் பக்கம் முழுத்திரையில் இல்லை. ஆண்ட்ராய்டு குரோமில் முழுத்திரைக்குப் போன பிறகுதான் பூட்டு ஏறும், முழுத்திரையை விட்டு வெளியே வந்தால் தானே கழன்றுவிடும். முழுத்திரைக்குப் போக பயனர் ஒரு பொத்தானைத் தட்டியாக வேண்டும். பக்கம் திறந்தவுடன் தானாகப் போக முடியாது. ஆகவே ஒரே பொத்தானில் முதலில் முழுத்திரை, அது நிறைவேறிய பிறகு பூட்டு என்று வரிசையாக வையுங்கள். 'நாட் சப்போர்ட்டட் எரர்' வந்தால் அந்தக் கருவி பூட்டை ஏற்காது. கணினிகளில் இதுதான் வரும். 'அபார்ட் எரர்' என்றால் முதல் பூட்டு முடிவதற்குள் இன்னொரு பூட்டு வந்துவிட்டது, நிரலில் இரண்டு இடத்தில் கூப்பிடுகிறீர்கள். ஐஃப்ரேமில் 'சேண்ட்பாக்ஸ்' (உள்ளே இருக்கும் பக்கத்தின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் பண்பு) போட்டிருந்தால் நிலைப் பூட்டுக்கான தனி அனுமதியையும் அதில் சேர்க்க வேண்டும்.

ஐபோனில் சோதிக்கிறீர்கள் என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே சஃபாரியில் இந்தப் பூட்டு இயங்காது. இதைச் சுற்றிக்கொண்டு போக, பக்கம் முழுவதையும் 'ட்ரான்ஸ்ஃபார்ம்' கொண்டு 90 பாகை சுழற்றிவிடும் தந்திரம் ஒன்று உலவுகிறது. படம் பார்க்க நன்றாக இருக்கும். உருட்டும் திசை மாறும், நிலையாக ஒட்டிய பட்டைகள் இடம் பெயரும், விசைப்பலகை வேறு திசையில் எழும்பும். வேண்டாம்.

## அறிகுறி 8: கிடைநிலையில் ஓரங்களில் வெற்றுப் பட்டை, கீழே பொத்தான் மறைகிறது

இரு பக்கமும் வெற்றுப் பட்டை என்றால் நாட்ச் உள்ள ஐபோன். வியூபோர்ட் டேகில் 'வியூபோர்ட் ஃபிட்: கவர்' சேர்த்தால் பின்னணி ஓரம்வரை பரவும். அதோடு நிறுத்தினால் எழுத்து நாட்ச்சுக்குள் புகுந்துகொள்ளும். உள்ளடக்கத்துக்கு 'சேஃப் ஏரியா இன்செட்' மதிப்புகளை இடமும் வலமும் பேடிங்காகக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தே செல்ல வேண்டியவை. இரண்டு பக்கமும் திருப்பிச் சோதியுங்கள். நாட்ச் ஒருமுறை இடப்பக்கம் வரும், ஒருமுறை வலப்பக்கம் வரும்.

கீழே பொத்தான் மறைந்தால், '100 விஎச்', அதாவது பக்கத்துக்கான உயரம் முழுவதும், கொடுத்திருக்கிறீர்கள். அந்த அளவு முகவரிப் பட்டை சுருங்கிய நிலைக்கானது. கிடைநிலையில் உயரமே குறைவு என்பதால் மிச்சம் வெளியே தொங்குகிறது. பட்டை சுருங்கி விரிவதற்கு ஏற்ப மாறும் '100 டிவிஎச்' என்று மாற்றுங்கள், சஃபாரி 15.4, குரோம் 108, ஃபயர்பாக்ஸ் 101 முதல் இருக்கிறது. பழையவற்றுக்காக முதல் வரியில் 'விஎச்', அடுத்த வரியில் 'டிவிஎச்' என்று இரண்டையும் எழுதினால், புரியாத உலாவி இரண்டாவதை விட்டுவிடும். இதுவும் போதாமல் ஒட்டுப் பட்டைகளே பாதித் திரையைப் பிடித்திருந்தால், உயரம் 500 பிக்சலுக்குள் இருக்கும்போது மேல் பட்டையின் ஒட்டுதலை நீக்கிவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரே ஒரு போன் மாடலில் மட்டும் கோளாறு நின்றால், வேறொரு காலிப் பக்கத்தில் அளவுப் பெட்டியை மட்டும் வைத்து அதே போனில் திறந்து பாருங்கள். காலிப் பக்கத்திலும் எண்கள் தப்பினால் அது உலாவியின் பிழை. அந்தக் காலிப் பக்கத்தையே சான்றாக வைத்து உலாவியின் பிழைப் பட்டியலில் பதிவுசெய்யுங்கள். காலிப் பக்கத்தில் எண்கள் சரியாக இருந்தால் கோளாறு உங்கள் தளத்தில்தான். அப்போது நிரலாளரை அழைத்து, போனின் மாடல், உலாவியின் பதிப்பு, இரண்டு நிலையிலும் எடுத்த அளவுப் பெட்டியின் படம் மூன்றையும் முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.